கையைப் பார்த்து ஊசி வாங்குங்கள்

மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எது நல்லது?" என்றுதான். அந்தக் கேள்விக்குத் தனியாக விடை கிடையாது என்பது என் கட்சி. அதை எந்த டோன்ஆர்மில், அதாவது ஊசியைத் தாங்கும் கையில் மாட்டுவோம், எந்த போனோ ஸ்டேஜில் இணைப்போம் என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் ஒரு கார்ட்ரிட்ஜ் நல்லதாகவோ மோசமாகவோ ஆகிறது. இதற்கு டெனான் டிஎல்-103-ஐ விடச் சிறந்த சான்று இல்லை. 1960-களின் முற்பகுதியில் ஜப்பானின் என்எச்கே வானொலிக்காக உருவாகி, 1970-இல் பொதுச் சந்தைக்கு வந்த இந்தக் கார்ட்ரிட்ஜ் இன்றும் ஏறக்குறைய அதே வடிவில் விற்கிறது. இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குகிறவர்களும் உண்டு. இரு தரப்பாரின் காதிலும் குறையில்லை; அவர்கள் மாட்டிய கைகள்தான் வேறு வேறு.

டிஎல்-103-இன் எடை 8.5 கிராம். இசைத்தட்டின் மேல் 2.5 கிராம் அழுத்தத்தில் ஓடுகிறது. இதன் ஊசியைத் தாங்கும் ரப்பர் விறைப்பானது. கம்ப்ளையன்ஸ் என்று சொல்லப்படும் இளக்கம் 100 ஹெர்ட்ஸில் வெறும் 5. ஜப்பானிய நிறுவனங்கள் 100 ஹெர்ட்ஸில் அளந்து சொல்லும் எண்ணை ஐரோப்பியர்கள் சொல்லும் 10 ஹெர்ட்ஸ் எண்ணோடு ஒப்பிட, ஏறக்குறைய 1.7 முதல் 2 மடங்கு ஆக்கிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் இரண்டு விவரத்தாள்களை அருகருகே வைத்துப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம். டிஎல்-103-க்கு 9 என்று வைத்துக்கொள்வோம். கையின் பயனுறு நிறை, கார்ட்ரிட்ஜ், திருகுகள் மூன்றையும் கூட்டி, அதை இந்த 9-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுத்தால் கையும் ஊசியும் சேர்ந்து அதிரும் அலைவெண் கிடைக்கும். அது 8-க்கும் 12 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் விழ வேண்டும். அதற்குக் கீழே போனால் வளைந்த தட்டும் தரையில் நடக்கும் காலடியும் கையை ஆட்டும். மேலே போனால் பாஸ் ஒலியின் அடிமட்டத்தை அது தொடத் தொடங்கும். 18 கிராம் நிறையுள்ள கையில் டிஎல்-103 ஏறக்குறைய 10 ஹெர்ட்ஸில் வந்து நிற்கிறது. 12 கிராம் கொண்ட டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 கையில் 11.4, அதுவும் வரம்புக்குள்தான். 6 கிராம் கார்பன் கையில் 13.5-க்கு ஏறிவிடுகிறது.

"13.5 ஆனால் என்ன, பாட்டு கேட்கத்தானே செய்கிறது?" என்பது நியாயமான மறுப்பு. கேட்கும், குடி முழுகிவிடாது. ஆனால் விறைப்பான ஊசி, பள்ளத்தின் அதிர்வில் கணிசமான பங்கைக் கைக்குள் தள்ளுகிறது. அதை விழுங்கும் கனமோ உறுதியோ கையில் இல்லாதபோது பாஸ் மெலிந்து, நடு ஒலி கரகரக்கிறது. டிஎல்-103-ஐக் குறைசொல்பவர்கள் விவரிப்பது பெரும்பாலும் இதைத்தான். ஹெட்ஷெல்லில் எடை சேர்த்தால் கணக்கு நேராகும் என்பதும் உண்மை. பின்பக்க எடை அதற்கு ஈடுகொடுக்குமா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். எடை சேர்ப்பதால் கையின் பேரிங் உறுதியாகிவிடாது என்பதையும் மறக்கக் கூடாது. இலேசான கை வைத்திருப்பவர் இதற்காக மல்லுக்கட்டுவதைவிட இளக்கம் 15 உள்ள ஆர்டோஃபோன் குவின்டெட் ரெட் போன்ற ஒன்றை வாங்குவது அறிவுடைமை.

அடுத்தது மின்னழுத்தம். மூவிங் காயில் வகையில் ஊசியோடு சேர்ந்து ஆடுவது செம்புச் சுருள். அது இலேசாக இருக்க வேண்டுமானால் சுற்றுகளைக் குறைக்க வேண்டும். சுற்று குறைந்தால் மின்னழுத்தமும் குறையும். டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட். மூவிங் மேக்னட்டுக்கான 40 டெசிபல் போனோ ஸ்டேஜ் இதை 30 மில்லிவோல்ட் ஆக்கும். ஆம்ப்ளிஃபயருக்கு அது போதாது. 60 டெசிபல் வேண்டும், அல்லது இடையில் ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் விகிதம் கூடக் கூட நல்லது என்ற எண்ணம் இங்கே தவறான வழியைக் காட்டும். 47,000 ஓம் உள்ளீட்டில் 1:10 விகிதம் கார்ட்ரிட்ஜுக்கு 470 ஓமாகத் தெரியும்; 1:20 விகிதம் 117 ஓமாகச் சுருங்கிவிடும். டிஎல்-103-இன் சுருளே 40 ஓம் என்பதால் முதலாவதில் இழப்பு 0.7 டெசிபல்தான், இரண்டாவதில் 2.5. சத்தம் 1:20-இல்தான் அதிகம், ஆனால் சுருளின் மேல் பாரமும் கூடுகிறது. 7 ஓம் குவின்டெட் ரெட்டுக்கு அந்த 117 ஓம் பாரமே இல்லை. கார்ட்ரிட்ஜின் விலையோடு இந்த 60 டெசிபல் போனோ ஸ்டேஜ் அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்; பலர் கடைசியில் தடுக்கி விழுவது இங்கேதான். 1.6 மில்லிவோல்ட் தரும் டிஎல்-110 போன்ற அதிக வெளியீட்டு வகைக்கு இந்தச் செலவு இல்லை. அதில் சுற்று கூடுவதால் சுருளின் இலேசான தன்மை கொஞ்சம் கைவிட்டுப் போகும். சாதாரண போனோ ஸ்டேஜ் மட்டும் உள்ளவருக்கு அதையே பரிந்துரைப்பேன்.

டிஎல்-103 மீதான வலுவான குற்றச்சாட்டு அதன் உருண்டை முனை ஊசி. இதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடும் தட்டில், வெளி விளிம்பில் பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் நொடிக்கு 50 சென்டிமீட்டர். உள்ளே லேபிளை நெருங்கும்போது 21 ஆகிவிடும். அங்கே 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை 21 மைக்ரான் நீளம்தான். டிஎல்-103-இன் முனை ஆரம் 16 மைக்ரானைத் தாண்டும், அதாவது குறுக்களவு 33. அந்த வளைவுக்குள் அதனால் முழுதாக இறங்க முடியாது. பக்கத்தின் கடைசிப் பாட்டில் "ஸ", "ஷ" ஒலிகள் சீறுவதற்குக் காரணம் இதுதான். 3 மைக்ரான் அளவுக்குக் கூராகத் தீட்டிய மைக்ரோலைன் முனை இங்கே ஐயமின்றி மேல். பழைய தட்டுகள் வாங்குபவருக்கு அதில் இன்னொரு ஆதாயமும் உண்டு: முன்பு ஓடிய உருண்டை ஊசிகள் தேய்க்காத சுவர்ப்பகுதியை அது தொடக்கூடும். பதிலுக்கு அது பொருத்துவதில் துல்லியம் கேட்கும். கோணம் சற்றே பிசகினாலும் ஆதாயம் போய்விடும். உருண்டை முனை இந்த விஷயத்தில் பொறுமைசாலி.

ஆக, கனமான கை, 60 டெசிபல் போனோ ஸ்டேஜ் அல்லது 1:10 டிரான்ஸ்ஃபார்மர், மனிதக் குரலும் நடு ஒலியும் பிரதானமான இசை, இவை மூன்றும் இருந்தால் டிஎல்-103-ஐத் தயங்காமல் வாங்கலாம். குரலுக்கு அது தரும் உடலையும் உறுதியையும் இந்த விலையில் வேறெதிலும் எளிதில் பெற முடியாது. பக்கக் கடைசியின் சீறலைப் பொறுக்க முடியாதவர் கூர்முனைக்குப் போகட்டும். கை இலேசானால் இளக்கமான ஊசிக்குப் போகட்டும். ஊசி தேய்ந்தால் மூவிங் மேக்னட்டைப் போல முனையை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. முழுக் கார்ட்ரிட்ஜையும் மாற்ற வேண்டும், அல்லது நிபுணரிடம் அனுப்பிப் புது ஊசி பதிக்க வேண்டும். அப்படி அனுப்புகிறவர்கள் போரான் தண்டும் கூர்முனையும் வைத்துத் தரச் சொல்லலாம். டிஎல்-103-ஐ வைத்திருப்போர் பலர் அதைத்தான் செய்கிறார்கள்.