பிர்அவ்னின் நிழலில் மறைந்தவர்கள்

பண்டைய மிஸ்ர் என்றதும் நம்மவர் வாயில் முதலில் வருவது பிர்அவ்ன்தான். குர்ஆன் ஓதி வளர்ந்த சமூகம் மூஸா (அலை) அவர்களின் சரித்திரத்தை விட்டுவிட்டு அந்த நாட்டை நினைப்பது கஷ்டம். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. பிர்அவ்னோடேயே நிறுத்திக்கொள்கிறோம் என்பதுதான் என்ட முறைப்பாடு. மூவாயிரம் வருடங்களாகக் கல்லிலும் ஏட்டிலும் எழுதி வைத்த ஒரு மக்கள் கூட்டத்தை ஓர் அரசனின் பெயருக்குள் அடக்கிவிட்டோம். அவனுக்குக் கீழே வயல் உழுதவன், கல் உடைத்தவன், கழுதை ஓட்டியவன் என்ன பேசினான் என்று நாம் கேட்பதில்லை.

குர்ஆன் அப்படிச் சுருக்கவில்லை. ஸூறா யூஸுபில் அந்நாட்டு ஆட்சியாளர் 'மலிக்' என்றே வருகிறார். மூஸா நபியின் சரித்திரத்தில், பிர்அவ்ன் அழைத்து வந்த சூனியக்காரர்களே ஸுஜூதில் விழுகிறார்கள். அவனது குடும்பத்திலேயே ஈமானை மறைத்து வைத்திருந்த ஒரு மனிதர் எழுந்து நியாயம் பேசுகிறார். அவனது மனைவி மூமின்களுக்கு உதாரணமாகச் சொல்லப்படுகிறார். நமது பயான்களிலோ ஒரு மம்மியின் படத்தைக் காட்டி "இதுதான் அந்த பிர்அவ்ன்" என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டாம் ரெம்ஸீஸா, அவனது மகன் மெர்னெப்தாவா, வேறொருவனா என்பதில் ஆய்வாளரிடம் ஒருமித்த முடிவு கிடையாது. இன்னொரு பக்கம் அக்னாத்தன் என்ற அரசனைப் பிடித்து அவனை ஏகத்துவவாதியாக்கிப் பார்க்கும் ஆசையும் நம்மவரிடம் உண்டு. இரண்டும் அரசர்களையே சுற்றி வருகிற வாசிப்புத்தான்.

முன்னைய முஸ்லிம் அறிஞர்கள் இவ்வளவு அவசரப்படவில்லை. கி.பி. 1200 அளவில் மிஸ்ருக்குப் போன மருத்துவர் அப்துல் லத்தீப் அல்-பக்தாதி பிரமிட்டுகளையும் ஸ்பிங்ஸின் முகத்தையும் வியந்து எழுதினார். பழைய கட்டடங்களை உடைப்பவர்களைக் கண்டித்தார். அவை சரித்திரத்துக்கும் வேதங்களுக்கும் சாட்சி என்றார்.

நமது நாட்டுக்கும் மிஸ்ருக்கும் உறவு இல்லாமலும் இல்லை. 1883இல் ஒராபி பாஷாவும் தோழர்களும் நாடு கடத்தப்பட்டு இங்கே வந்தார்கள்; 1901 வரை அவர் கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்தார். 1892இல் கொழும்பில் ஸாஹிரா தோன்றியதில் அவருக்கும் பங்குண்டு. அவரோடு பழகிய சித்திலெவ்வை 1885இல் எழுதிய 'அசன்பே சரித்திரம்' மிஸ்ரில் பிறந்த ஒரு பிள்ளையின் கதை. ஈழத்துத் தமிழ் நாவலின் முதல் அடியே மிஸ்ர் மண்ணில் வைக்கப்பட்டது என்றால் பாருங்க. ஆனால் அது பாஷாக்களும் பேக்களும் வாழ்ந்த மிஸ்ர். அதற்கும் முந்திய மிஸ்ரின் இலக்கியத்துக்குள் நாம் இறங்கவே இல்லை.

இறங்குவதானால் எந்த வாசலால்? என்னைக் கேட்டால் 'நாவன்மை மிக்க குடியானவன்' என்று பேர் பெற்ற கதையால். ஏறக்குறைய 3,800 வருடங்களுக்கு முந்தியது. உப்பு நிலத்தைச் சேர்ந்த ஓர் ஏழை, பெயர் குன்-அனுப், கழுதைகளில் சாமான் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குத் தானியம் வாங்கப் போகிறான். பாதை ஒடுக்கம், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பார்லி வயல். நெம்தினக்த் என்பவன் வேண்டுமென்றே பாதையில் ஒரு துணியை விரித்து மறிக்கிறான். ஒதுங்கிய கழுதை ஒரு வாய் பார்லியைத் தின்றுவிடுகிறது. அதுதான் சாட்டு. கழுதைகள் பறிபோகின்றன, அடியும் விழுகிறது. குடியானவன் பெரிய அதிகாரி ரென்ஸியிடம் முறையிடுகிறான். அவனது பேச்சைக் கேட்டு அசந்துபோன ரென்ஸி அரசனிடம் போய்ச் சொல்ல, அரசன் தரும் கட்டளைதான் கதையின் உயிர்: பதில் சொல்லாதே, அவன் பேசிக்கொண்டே இருக்கட்டும், எல்லாவற்றையும் எழுதி எனக்கு அனுப்பு, அவனுக்கும் பெண்சாதி பிள்ளைகளுக்கும் சாப்பாடு போகட்டும், யார் கொடுப்பதென்று அவனுக்குத் தெரியக் கூடாது.

இப்படி ஒன்பது முறையீடுகள். நடுவில் அவனுக்குச் சாட்டையடியும் கிடைக்கிறது. கடைசியில் நெம்தினக்தின் சொத்தே அவனுக்குத் தீர்ப்பாகிறது.

இதை 'நீதி வென்ற கதை' என்று வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நீதி ஏன் பிந்தியது? அரசனுக்கு அந்தப் பேச்சு இனித்தது, அதனால் பிந்தியது. அரசனின் கட்டளை குடியானவனுக்குத் தெரியாது. வாசிக்கும் நமக்குத் தெரியும். ஆகவே அவன் துடிக்கத் துடிக்க உவமைகளை அடுக்கும்போது, நாமும் அரசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரசிக்கிறோம். எழுதியவன் அரண்மனைப் படிப்பாளியாகத்தான் இருக்க வேண்டும், ஆனாலும் அவன் இந்தச் சங்கடத்தை அறிந்தே வைத்திருக்கிறான். இல்லாவிட்டால் அந்தச் சாட்டையடி கதைக்குள் எதற்கு?

எஹலியகொடப் பக்கம் இருந்து இதை வாசிக்கும்போது வேறு எண்ணங்களும் வருகின்றன. தேயிலை, ரப்பர்த் தோட்டத்துச் சனங்களின் பாடல்களை சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் அக்கறையோடு தொகுத்தார்கள். அந்தப் பாடல்களை மேடையில் கேட்டுக் கைதட்டுகிற நாம், அதே சனம் நாட்கூலி 1,000 ரூபாய்க்காக 2021 வரை வருடக்கணக்காகக் கத்தியபோது எங்கே இருந்தோம்? அவர்களின் துக்கம் நமக்குப் பாட்டாகத்தான் கேட்டது.

குடியானவன் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கும் உவமை தராசு. நீதி வழங்குபவனே தராசு, அது சாய்ந்தால் உலகமே சாயும் என்ற பொருளில் பேசுகிறான். தராசு பிடிக்கிற சமூகம் நாம். பஸாரில் தோட்டத்துச் சனத்துக்குக் கடன் கொப்பி எழுதியவர்களில் எங்கட ஆக்களும் இருந்தார்கள். நேர்மையாக எழுதியவரும் உண்டு, மற்றவரும் உண்டு. ஸூறா அல்-முதஃப்பிஃபீனை ஓதுகிறவனுக்கு இந்தக் குடியானவனின் பேச்சு அந்நியமாகப் படாது. அதற்காக அவர்களின் 'மாஅத்' என்ற கருத்தும் நமது மீஸானும் ஒன்றுதான் என்று சொல்ல வரவில்லை. மாஅத் என்பது நீதி, உண்மை, உலக ஒழுங்கு எல்லாம் சேர்ந்தது. அவர்களுக்கு அது ஒரு பெண் தெய்வமும் கூட. ஒற்றுமையை மட்டும் பிடித்துக்கொண்டு வேற்றுமையை மறைப்பது ஆய்வல்ல.

கதை என்று ஒதுக்க நினைப்பவர்களுக்கு ஆவணமும் இருக்கிறது. அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் வாழ்ந்த இடம் இன்று தெய்ர் அல்-மதீனா எனப்படுகிறது. அங்கே சுண்ணாம்புக் கல் சில்லுகளிலும் ஓட்டுத் துண்டுகளிலும் எழுதியவை ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஒன்றில் யார் யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்ற பட்டியல்: ஒருவனுக்குக் கண் வருத்தம், ஒருவனைத் தேள் கொட்டியது. தோட்டத்துச் செக்ரோலைப் பார்த்தவனுக்கு, அரைப்பேர் போட்ட கதை கேட்டவனுக்கு, இது பழகிய விஷயம். அவர்களின் கூலி தானியம். சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் ஐந்தரை மூடை. மூன்றாம் ரெம்ஸீஸின் 29ஆம் ஆட்சியாண்டில் அது பிந்தியது. வேலையைப் போட்டுவிட்டு வெளியேறிக் கோயிலின் பின்புறம் போய்க் குந்தினார்கள். பசி, உடுப்பில்லை, மீனில்லை, மரக்கறியில்லை, அரசனுக்கு எழுதி அனுப்புங்கள் என்றார்கள். இது இத்தாலியின் தூரின் நகரில் உள்ள ஒரு பப்பிரஸில் பதிவாகியிருக்கிறது. உலகில் எழுத்தில் கிடைத்த முதல் வேலைநிறுத்தம் இதுதான் என்பார்கள்.

பிர்அவ்னின் நாட்டிலேயே பிர்அவ்னிடம் கூலி கேட்டுக் குந்தியவர்கள் இருந்தார்கள். இந்தத் தகவல் நமது மத்ரஸாப் பிள்ளைக்கும் போய்ச் சேர வேண்டும். மூஸா நபியின் சரித்திரம் அவனுக்கு இன்னும் தெளிவாக விளங்கும்.

மிஸ்ரின் இன்றைய முஸ்லிம் படைப்பாளிகளுக்கு இந்தப் பழைய சொத்தைத் தொடுவதில் கூச்சம் இருக்கவில்லை. நஜீப் மஹ்ஃபூழின் முதல் மூன்று நாவல்களும் அந்தக் காலத்தைப் பற்றியவை. ஷாதி அப்துஸ் ஸலாம் இதே குடியானவன் கதையை 1970இல் குறும்படமாக்கினார்.

தமிழில் இதைக் கொண்டு வருபவருக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. குன்-அனுப் எந்தத் தமிழில் பேசுவது? மூலத்தில் அவன் பேசுவது சோடித்த உயர்ந்த நடை. செந்தமிழில் போட்டால் பட்டிமன்றப் பேச்சாகிவிடும், கழுதை பறிகொடுத்தவன் காணாமல் போவான். முழுக்கத் தோட்டத்துப் பேச்சில் போட்டால் அரசன் அசந்துபோனதற்குக் காரணம் தெரியாது. என்ட எண்ணம், முதல் முறையீட்டை மரியாதைத் தமிழில் தொடங்கி, அடி விழுந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவனது சொந்தப் பேச்சுக்கு இறக்க வேண்டும். ஒன்பதாவது முறையீட்டில் அவன் ரென்ஸியைப் பார்த்து, இனி உன்னைப் பற்றி என் தெய்வத்திடமே முறையிடப் போகிறேன் என்கிறான். அந்த இடத்தில் "ஐயா" என்ற சொல்லும் போய்விட வேண்டும்.