வலிப்பும் குணமும்: ஒரு பட்டியலின் கதை

வலிப்பு நோய் ஒருவரின் குணத்தை மாற்றுமா? மாற்றக்கூடும் என்றார் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் நார்மன் கெஷ்விண்ட். மூளையின் டெம்போரல் மடலில் வலிப்பு தோன்றும் சிலர் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், மதத்தில் மூழ்குகிறார்கள், பேச்சை முடிக்காமல் இழுக்கிறார்கள், பாலுறவில் நாட்டம் இழக்கிறார்கள் என்று ஸ்டீபன் வாக்ஸ்மனுடன் சேர்ந்து 1975இல் எழுதினார். 1977இல் பேர், ஃபெடியோ என்ற இரு ஆய்வாளர்கள் இத்தகைய 18 குணங்களைக் கேள்வித்தாளாகவே ஆக்கினார்கள்.

இதன் பெரும் பயன், வலிப்பு வராத நாட்களில் நோயாளி எப்படி இருக்கிறார் என்று மருத்துவர்களைக் கேட்க வைத்ததுதான். அச்சத்தையும் நினைவையும் ஆளும் அமிக்டலாவும் ஹிப்போகாம்பஸும் அந்த மடலில்தான் இருக்கின்றன. எனவே இந்த ஊகத்தை அபத்தம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் பட்டியல் சோதனையில் தடுமாறியது. வலிப்பே இல்லாத மனநல நோயாளிகளும் அதே கேள்விகளுக்கு ஏறக்குறைய அதே மதிப்பெண் பெற்றார்கள். ஆய்வுக்கு வந்தவர்களில் பலர் பெரிய மருத்துவமனைகளை நாடிய, எளிதில் கட்டுப்படாத வலிப்புக்காரர்கள்; அவர்களை வைத்து எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி ஏராளமாக எழுதியதற்கு அவருடைய வலிப்பையே காரணமாக்குகிறவர்கள், அவர் கடன் நெருக்கடியில் பக்கக் கணக்குக்கு எழுதிப் பிழைத்தவர் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நம் நாட்டில் இன்னொன்றும் சேர்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், அடிக்கடி வரும் வலிப்பு பின்னாளில் திருமணத் தடையாகச் சேர்ந்தது; 1999 திருத்தம்தான் அதை நீக்கியது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் மாத்திரை டப்பாவை ஒளித்து வளர்ந்த பெண் யாரையும் நம்பாமல், எதையும் விளக்கிக்கொண்டே இருந்தால், அது மூளையின் வேலையா, நம்முடைய வேலையா? அந்தக் கேள்வித்தாள் இதைப் பிரித்துச் சொல்லாது.

"முன்ன மாதிரி இல்ல டாக்டர், எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறான்" என்று ஒரு தாய் சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது மருந்துச் சீட்டை. லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மருந்து சிலருக்குக் கடும் எரிச்சலைத் தரும். பழைய மருந்தான ஃபீனோபார்பிட்டோன் மனச்சோர்வைத் தரக்கூடும். வலிப்புக்காரர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம், அதற்குச் சிகிச்சையும் உண்டு. 'வலிப்புக்காரன் குணமே அப்படித்தான்' என்று முடித்துவிட்டால் இவை எதையும் யாரும் தேடமாட்டார்கள்.

சிலருக்குக் குணம் மாறுகிறது என்பது உண்மை. வலிப்புக்கென்று தனிக் குணம் உண்டு என்பது நிரூபணமாகவில்லை. வீட்டில் ஒருவரிடம் அப்படி மாற்றம் தெரிந்தால், அது எப்போது தொடங்கியது, எந்த மாத்திரை எப்போது மாறியது என்று தேதியோடு குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள்; நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.