மஜூசிச் செவிலியின் பண்டமும் நமது பொங்கல் கதைகளும்

இலங்கை முஸ்லிம்களின் தமிழ்ச் சிறுகதைகளில் ஒரு கதை திரும்பத் திரும்ப எழுதப்பட்டு வருகிறது. தைப்பொங்கலன்று காலை கந்தசாமி அண்ணன், காசிம் காக்கா வீட்டுக்குப் புக்கை கொண்டு வருகிறார். காக்காவின் மகன் தடுக்கிறான். அவன் பெரும்பாலும் மத்ரஸாவில் ஓதியவனாகவோ வளைகுடாவிலிருந்து திரும்பியவனாகவோ இருப்பான். பிறகு வெள்ளம் வருகிறது, அல்லது கலவரம் வருகிறது, அல்லது ஆஸ்பத்திரியில் இரத்தம் தேவைப்படுகிறது. இரத்தம் கொடுப்பவர் யாரென்று வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. இறுதியில் எல்லோரும் ஒரே தட்டில் உண்கிறார்கள். பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிகளுக்கு நடுவராகப் போகும் இடங்களிலெல்லாம் இக்கதையை மாணவர் கையெழுத்தில் வாசிக்கிறேன். மாணவரைக் குறைசொல்வதற்கில்லை. எமது பெரிய எழுத்தாளர் சிலரும் இதையே எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் அங்கிருந்துதான் கற்றுக்கொள்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பது துண்டுப்பிரசுரம். ஜனவரி, ஏப்ரல், மே, டிசம்பர் மாதங்களில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது கையில் தரப்படும். இப்போது கைத்தொலைபேசிக்கும் வந்து சேருகிறது. ஒரு சமூகத்தாருக்கு ஒப்பாக நடப்பவர் அவர்களைச் சேர்ந்தவரே என்ற கருத்தில் அபூதாவூதில் பதிவாகியுள்ள நபிமொழியை முதலில் தந்து, மாற்று மதத்தவரின் பண்டிகைகளில் கலந்துகொள்வது கூடாது என்று முடிக்கும்.

கதை ‘கலந்துகொள்’ என்கிறது, பிரசுரம் ‘கலந்துகொள்ளாதே’ என்கிறது. ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரு விடயத்தில் முழுமையாக உடன்படுகின்றன. ‘கலந்துகொள்ளுதல்’ என்பது ஒரே ஒரு செயல், அதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரே ஒரு பதில்தான் உண்டு என்பதே அந்த உடன்பாடு. நான் கேள்விக்குட்படுத்த விரும்புவது அதனையே. நான் ஆலிம் அல்லன். ஃபத்வா வழங்குவது இக்கட்டுரையின் வேலையுமல்ல. ஓர் இலக்கிய வாசகனாகவே இதனை எழுதுகிறேன்.

ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்னு அபீ ஷைபாவின் ‘முஸன்னஃப்’ என்னும் பெருந்தொகுப்பில் ஒரு சிறு அறிவிப்பு உள்ளது. பெண்ணொருத்தி அன்னை ஆயிஷா (ரழி) அவர்களிடம் ஒரு சந்தேகம் கேட்கிறாள். எங்களுக்கு மஜூசிகளான செவிலியர் இருக்கிறார்கள், அவர்களது பெருநாள் வந்தால் எங்களுக்கும் பண்டங்கள் அனுப்புகிறார்கள், என்ன செய்வது என்பது அவளது கேள்வியின் சாரம். அந்த நாளுக்கென்று அறுக்கப்பட்டதை உண்ண வேண்டாம், அவர்களது மரங்கள் தந்தவற்றை உண்ணலாம் என்பது அன்னையின் பதிலின் சாரம்.

இதனை ஒரு கதையாக வாசித்துப் பாருங்கள். கேட்பவள், ‘மஜூசிகளின் பண்டிகையில் கலந்துகொள்ளலாமா?’ என்று பொதுப்படக் கேட்கவில்லை. பண்டத்தை அனுப்பியவள் யாரென்று முதலில் சொல்கிறாள். தன் வீட்டுப் பிள்ளைக்குப் பாலூட்டியவள் அவள். அத்தகையவள் அனுப்பிய தட்டை வாசலில் வைத்தே திருப்பியனுப்புவது எவ்வளவு கடினமென்று கேள்வியிலேயே இருக்கிறது. அன்னை ஆயிஷா அந்த உறவைக் குறைத்துப் பேசவில்லை. அதேவேளை, உறவு இருக்கிறது என்பதற்காகத் தட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒன்றாகவும் பார்க்கவில்லை. இறைச்சி வேறு, கனி வேறு என்று பிரிக்கிறார். இரண்டே வசனங்கள், ஒரு தட்டு, மூன்று பெண்கள். மூன்றாமவள் காட்சியில் இல்லை. ஆனால் எல்லாம் அவளைச் சுற்றியே நிகழ்கிறது.

எமது துண்டுப்பிரசுரம் இதிலிருந்து செவிலியை நீக்கிவிடுகிறது. எமது சிறுகதை அறுக்கப்பட்ட இறைச்சியை நீக்கிவிடுகிறது. முன்னதில் மனிதர் இல்லை. பின்னதில் மார்க்கம் இல்லை. இரண்டும் இருந்த இடத்தில்தான் அந்தப் பெண் நின்றாள். எமது கிராமத்துப் பெண்களும் அங்கேதான் நிற்கிறார்கள்.

இவ்வாறு பிரித்துப் பார்ப்பது நவீனவாதிகள் கண்டுபிடித்த சலுகை என்று சிலர் கருதக்கூடும். பிற சமூகத்தாரின் பண்டிகைகளில் ஒப்பாக நடப்பதை மிகக் கடுமையாக எதிர்த்து நூல் எழுதியவர் 1328இல் காலமான இமாம் இப்னு தைமிய்யா. அவரே தமது ‘இக்திழாஉஸ் ஸிராத்தில் முஸ்தகீம்’ என்னும் நூலில் மேற்படி அறிவிப்பை எடுத்தாள்கிறார். நைரூஸ் நாளில் தரப்பட்ட அன்பளிப்பை அலி (ரழி) அவர்கள் ஏற்றுக்கொண்ட செய்தியையும் குறிப்பிடுகிறார். கொண்டாடுவது வேறு, அயலவரின் அன்பளிப்பை ஏற்பது வேறு என்பது அவருக்கே தெளிவாக இருந்தது. வாழ்த்துக் கூறும் விடயத்தில் இன்றும் அறிஞரிடையே இரு நிலைப்பாடுகள் உண்டு. ஐரோப்பிய ஃபத்வா ஆய்வு மன்றம் அதனை அனுமதித்தது. சஊதியின் ஷெய்க் இப்னு உஸைமீன் தடுத்தார். வணங்குதல், அறுத்ததை உண்ணுதல், கனி உண்ணுதல், வாழ்த்துதல், பார்த்து நிற்றல், கொடுத்தல், பெறுதல் என்று ஃபிக்ஹ் ஒவ்வொரு வினைச்சொல்லாக எடுத்து ஆராய்கிறது. மனித நடத்தையை நுணுக்கமாகப் பார்ப்பது புனைகதைக்காரரின் தொழில் என்கிறோம். இவ்விடயத்தில் சட்ட அறிஞர் எம்மைவிட நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார் என்பது எமக்குப் பெருமை தரும் செய்தியல்ல.

எமது பழைய இலக்கியத்துக்கு இந்தப் பகுப்பு அந்நியமானதுமல்ல. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர், அரபு நாட்டைத் தமிழ்நாட்டு வயலும் வாய்க்காலுமாக வருணித்தார். கதீஜா நாயகியின் மணம்புரி படலத்தில் வரும் வீதி அலங்காரமும் ஊர்வலமும் தமிழ்க் காப்பிய மரபிலிருந்து வந்தவை. தோரணத்தை எடுத்துக்கொண்ட புலவர் தௌஹீதை விட்டுக்கொடுக்கவில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் நவராத்திரியை ஒட்டி வாணி விழா நடக்கும். முஸ்லிம் ஆசிரிய மாணவரில் ஒருவர் வாசலில் மாவிலைத் தோரணம் கட்ட ஏணி பிடிப்பார். பூசை தொடங்கியதும் விடுதிக்குப் போய்விடுவார். இன்னொருவர் மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து பேச்சுக்களை மட்டும் கேட்பார். வேறொருவர் அவலும் கடலையும் கொடுத்தால் இரு கைகளாலும் வாங்கி, உண்ணாமல், அடுத்த அறைத் தமிழ் நண்பருக்குக் கொடுப்பார். நான்காமவர் எதிலும் சேரமாட்டார். ஆனால் மறுநாள் கதிரைகளைத் திருப்பி அடுக்க முதல் ஆளாக வருவார். இவர்களில் யார் ‘கலந்துகொண்டவர்’, யார் ‘கலந்துகொள்ளாதவர்’? நான்கு பேரையும் தமிழ் நண்பர்கள் விளங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதே என் ஞாபகம். நான்கு கதைகள் அங்கே இருந்தன. எமது சஞ்சிகைகளில் இந்த நால்வரில் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை.

இதில் வெறும் கதை நுட்பம் மட்டுமே சம்பந்தப்பட்டிருக்கவில்லை. கம்பளை அம்பகமுவ வீதியில் வலஹாகொட தேவாலயப் பெரஹரா பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா என்பதே அந்தப் புகழ்பெற்ற வழக்கின் மையம். 1914இல் மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1915இல் உயர்நீதிமன்றம் அதனை மாற்றியது. அவ்வருடம் மே 28, வெசாக் இரவு, கண்டி காஸில் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே தொடங்கிய மோதல் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. வாசலுக்கு முன்னால் சில கணங்கள் மேளத்தை நிறுத்துவது என்ற சிறு வினை, அயலவரிடையே பேசித் தீரவேண்டிய ஒன்று, உரிமைப் பிரச்சினையாக மாறியதன் விளைவுகளில் ஒன்று அது.

2019ஐ எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர், மே 13ஆம் திகதியளவில் குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மே 18 வெசாக். அது நோன்பு மாதமாகவும் இருந்தது. அந்த வெசாக்கில் ஒரு முஸ்லிம் தன் கடை வாசலில் வெசாக் கூடு தொங்கவிட்டிருந்தால் அதற்கு என்ன பொருள்? அயலவர் மீதுள்ள அன்பினாலும் இருக்கலாம், கடை எரிந்துவிடுமோ என்ற அச்சத்தினாலும் இருக்கலாம். வீதியில் போகிறவருக்கு இரண்டும் ஒரே கூடுதான், ஒரே வெளிச்சம்தான். செயல்களுக்கு நிய்யத்தே அடிப்படை என்று எமது மார்க்கம் சொல்கிறது. நிய்யத்தின் உள்ளே போய்வரக்கூடிய எழுத்து வடிவம் புனைகதை. அச்சத்தில் செய்ததையும் ‘நல்லிணக்கம்’ என்று பெயரிட்டுப் பாராட்டும் கதை, பயந்தவனை இரண்டாம் தடவை வாய் மூடச் செய்கிறது.

மறுப்பவனின் கதையும் அவ்வாறானதே. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதன் பின்னர் வந்த தைப்பொங்கலில் ஒருவர் புக்கையைத் தொடவில்லை என்றால், எமது கதை அவரை மதவெறியர் ஆக்குகிறது. பிரசுரம் அவரைத் தன் கொள்கைக்கு ஆதரவாளராகக் கணக்கிடுகிறது. தம்பியைப் பறிகொடுத்த அவருக்கு அந்தத் தட்டு எப்படித் தெரிந்தது என்று இருவருமே கேட்கவில்லை. அதைக் கொண்டுவந்த தமிழ்ப் பெண்ணுக்கும் அந்த நடை இலேசானதாக இருந்திருக்காது.

‘நல்லிணக்கக் கதை எழுதாதே என்கிறீரா?’ என்று கேட்கப்படலாம். எழுதுங்கள், ஆனால் எங்கள் ஊர்களில் நடப்பதை எழுதுங்கள். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று படைப்பதற்கு முன்னரே எங்களுக்கென்று புக்கையைத் தனியாக எடுத்து வைத்துவிடும். பச்சரிசி, சீனி, பழம் என்று சமைக்காமலே கொடுத்தனுப்பும் வீடுகளும் உண்டு. ஹஜ்ஜுப் பெருநாளில் எங்கள் உம்மாமார் மாட்டிறைச்சி படாத சட்டியைத் தேடி எடுத்துத் தமிழ் வீட்டுக்குக் கோழிக்கறி அனுப்புவார்கள். சைவ வீடென்றால் வட்டிலப்பத்தில் முட்டை இருப்பதை நினைத்துப் பழம் அனுப்புவார்கள். அரச விழாவில் மங்கல விளக்கேற்ற அழைக்கப்படும் முஸ்லிம் உத்தியோகத்தர் மெழுகுதிரியைப் பணிவோடு அடுத்தவரிடம் கொடுத்து, ஓரடி பின்வாங்கி, முழு மரியாதையுடன் எழுந்து நிற்பார். ஏப்ரல் புத்தாண்டு விளையாட்டில் கயிறிழுக்க வந்த பையன், நேரம் பார்த்து அடுப்பு மூட்டும் சடங்குக்கு முன் வீட்டுக்குப் போய்விடுவான். இங்கே எல்லை இருக்கிறது, அன்பும் இருக்கிறது. ஒன்று மற்றதைக் கெடுக்கவில்லை. மற்றவரின் எல்லையை நினைவில் வைத்துச் சட்டியைத் தேடுவதே இங்கு அன்பின் வடிவமாக இருக்கிறது.

இந்தச் சட்டி தேடும் பெண்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. பாடசாலைகளும் குடியிருப்புகளும் பிரிந்து வாழும் எமது பிள்ளைகளுக்கு இந்த நுணுக்கங்களைக் கண்ணால் காணும் வாய்ப்புக் குறைந்து வருகிறது. அவர்களுக்குக் கிடைப்பவை அந்தக் கதையும் அந்தப் பிரசுரமும் மட்டும்தான் என்றால், இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்வார்கள். ஆகவே எழுதுகிறவர்களிடம் எனது வேண்டுகோள் சிறியது. அந்த உம்மாமாரிடம் போய் இருந்து கேளுங்கள்: தட்டில் என்ன வந்தது, எதை உண்டீர்கள், எதைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் ஒதுக்கி வைத்தீர்கள், வெறுந்தட்டாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அதில் எதை வைத்து அனுப்பினீர்கள்?