ஆறு ஒலிகள்

ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் பயில்பவர்களின் கருவிகளில் காசே செலவில்லாதது இதுதான். டேனியல் லிங் வகுத்த சோதனை. அடிக்குரல் ‘ம்’ முதல் சீறும் ‘ஸ்’ வரை, பேச்சின் அலைவரிசையை, ஏறத்தாழ 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை, இந்த ஆறும் தொட்டுவிடுகின்றன.

சொல்லும் விதத்தில்தான் கைத்திறன். உதடசைவு தெரியக் கூடாது. வாயைக் கையால் பொத்தினாலோ ஒலி மங்கும். அதனால் மெல்லிய துணி கட்டிய வளையத்தை முகத்துக்கு முன் பிடிப்பார்கள். அல்லது பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கமான குரலில் சொல்வார்கள். கேட்டதும் பிள்ளை டப்பாவில் ஒரு மணியைப் போடும். சீரான இடைவெளியில் சொன்னால் தாளம் பிடித்து ஊகித்துவிடும். ஆகவே ஒன்று சட்டென்று வரும், அடுத்தது காக்கவைத்து வரும்.

நேற்று கேட்ட ‘ஸ்’ இன்று கேட்கவில்லையா? காதுகேள் கருவியின் பேட்டரி தீர்ந்ததா, காது அச்சில் குறும்பி அடைத்ததா, சளி பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பாடம். ‘கவனிக்கவில்லை’ என்று பிள்ளையைக் கடிவதற்கு முன் கருவியைச் சந்தேகிக்கும் இந்தப் பழக்கம் எல்லா ஆசிரியர்களுக்கும் தேவை.