ரியல் அனாலிசிஸை ரசிப்பது எப்படி?

பிளஸ் டூவில் நுண்கணிதத்தை விரல் நுனியில் வைத்திருந்தவர்கள்கூட, பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டில் ரியல் அனாலிசிஸ் வகுப்பில் தடுமாறுவதுண்டு. வகையிடத் தெரியும், தொகையிடத் தெரியும், விடையும் சரியாக வரும். ஆனால் அந்த வகுப்பில் விடை மட்டும் போதாது. ‘அது ஏன் சரி? எப்போது சரி?’ என்று கேட்பார்கள். பலர் தேற்றத்தையும் நிரூபணத்தையும் மனப்பாடம் செய்து தேர்வைக் கடந்துவிடுகிறார்கள். கையில் கிடைத்த ஒரு பெரிய இன்பத்தைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

இந்தப் பாடத்தின் ருசி தேற்றங்களின் நிபந்தனைகளில் இருக்கிறது. ‘தொடர்ச்சியான சார்பு எனில்’, ‘மூடிய இடைவெளி எனில்’ என்று வரும் அந்த ‘எனில்’களைத் தாவிப் போகாதீர்கள். இந்த ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேளுங்கள். மூன்று இடங்களில் கேட்டுப் பார்ப்போம்.

வரிசை மாறினால் விடை மாறுமா?

1 − 1/2 + 1/3 − 1/4 + 1/5 − 1/6 + … என்ற முடிவில்லாத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். இதன் கூட்டுத்தொகை 2-இன் இயல் மடக்கை, அதாவது ஏறத்தாழ 0.693. இப்போது எதையும் சேர்க்காமல், எதையும் விடாமல், வரிசையை மட்டும் மாற்றுவோம். ஒரு கூட்டல் உறுப்பு, அடுத்து இரண்டு கழித்தல் உறுப்புகள்:

1 − 1/2 − 1/4 + 1/3 − 1/6 − 1/8 + 1/5 − 1/10 − 1/12 + …

ஒவ்வொரு மூன்றிலும் முதல் இரண்டைச் சேர்த்துப் பாருங்கள். 1 − 1/2 என்பது 1/2. 1/3 − 1/6 என்பது 1/6. 1/5 − 1/10 என்பது 1/10. ஆக, தொடர் 1/2 − 1/4 + 1/6 − 1/8 + 1/10 − 1/12 + … என்று ஆகிறது. இது பழைய தொடரின் ஒவ்வொரு உறுப்பிலும் சரிபாதி. அதே எண்களைத்தான் கூட்டினோம், விடை பாதியாகிவிட்டது!

பேனா எடுத்து இதை ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள். கூட்டலில் வரிசை முக்கியமில்லை என்று ஒன்றாம் வகுப்பு முதல் நம்பிவந்தோம். முடிவில்லாத கூட்டலில் அந்த நம்பிக்கைக்கு ஒரு நிபந்தனை உண்டு: கழித்தல் குறிகளை எல்லாம் கூட்டல் குறியாக்கினாலும் தொடர் குவிய வேண்டும். நம் தொடர் அப்படிக் குவியாது. 1 + 1/2 + 1/3 + … என்பதில் முதல் 10 லட்சம் உறுப்புகளைக் கூட்டினாலும் 14.4-ஐ எட்டாது, ஆனாலும் அது எந்த எண்ணையும் ஒருநாள் தாண்டும். 14-ஆம் நூற்றாண்டிலேயே நிக்கோல் ஒரேம் இதைக் காட்டிவிட்டார். 1/3 + 1/4 என்பது 1/2-ஐவிடப் பெரிது. 1/5 முதல் 1/8 வரையிலான நான்கும் சேர்ந்தால் அதுவும் 1/2-ஐவிடப் பெரிது. இப்படி அரை அரையாகச் சேர்ந்துகொண்டே போனால் எந்த எல்லை தாங்கும்?

ரீமான் 1854-இல் எழுதிய ஆய்வுரையில் இன்னும் ஒரு படி மேலே போனார். நம் முதல் தொடரைப் போல, குவிந்தாலும் குறிகளை எல்லாம் கூட்டலாக்கினால் குவியாத தொடரின் உறுப்புகளை வரிசை மாற்றி எந்த எண்ணை வேண்டுமானாலும் கூட்டுத்தொகையாகக் கொண்டுவரலாம். 5 வேண்டுமா? 5-ஐத் தாண்டும்வரை கூட்டல் உறுப்புகளைப் போடுங்கள். பிறகு 5-க்குக் கீழே வரும்வரை கழித்தல் உறுப்புகள். மறுபடி கூட்டல். உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போவதால் ஊசலாட்டமும் சிறுத்து 5-இல் நிற்கும்.

எது முன்னே, எது பின்னே?

அடுத்தது, எல்லோரையும் மிரட்டும் எப்சிலான், அதாவது எவ்வளவு சிறிதாகவும் இருக்கக்கூடிய ஒரு நேர் எண். ஒரு வரிசையின் எல்லையை அதை வைத்து இப்படி வரையறுப்பார்கள்: ‘எந்த எப்சிலான் கொடுத்தாலும், ஓர் இடம் உண்டு, அந்த இடத்துக்குப் பிறகு வரும் உறுப்புகள் எல்லாம் எல்லையிலிருந்து எப்சிலானுக்கும் குறைவான தொலைவில் இருக்கும்.’ இதை இரண்டு பேர் நடத்தும் வாதம்போல வாய்விட்டுப் படியுங்கள். எதிராளி 0.01 என்கிறார். 1, 1/2, 1/3, … என்ற வரிசைக்கு ‘100-ஆம் உறுப்புக்குப் பிறகு பாருங்கள்’ என்கிறீர்கள். அவர் 0.0001 என்றால் நீங்கள் 10,000 என்கிறீர்கள். எந்த எப்சிலானைக் கேட்டாலும் பதில் சொல்ல முடிந்தால் எல்லை 0.

இப்போது சொற்களை இடம் மாற்றுங்கள்: ‘ஓர் இடம் உண்டு, அது எல்லா எப்சிலானுக்கும் போதும்.’ அப்படி ஓர் இடம் இருந்தால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வோர் உறுப்பும் சரியாக 0 ஆகவே இருந்தாக வேண்டும். 1/2, 1/3 எதுவும் தேறாது. சொற்கள் அதேதான், வரிசை மாறியதும் பொருளே மாறிவிட்டது.

இந்தச் சொல்வரிசையில் மாமேதைகளும் சறுக்கியிருக்கிறார்கள். 1821-இல் பாரிஸின் எக்கோல் பாலிடெக்னிக் மாணவர்களுக்காக எழுதிய நூலில், தொடர்ச்சியான சார்புகளாலான ஒரு தொடர் குவிந்தால் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதே என்றார் கோஷி. 1826-இல் இளைஞர் ஏபல், சைன் தொடர் ஒன்றைக் காட்டி, இதற்கு விதிவிலக்கு உண்டே என்றார்.

சிக்கல் எங்கே என்பதை எண்களில் பார்க்கலாம். 1-ஐவிடச் சிறிய ஒரு நேர் எண்ணின் அடுக்கை ஏற்றிக்கொண்டே போனால் அது 0-ஐ நோக்கிப் போகும். 0.01-க்குக் கீழே இறங்க 0.9-க்கு 44-ஆம் அடுக்கு போதும். 0.99-க்கு 459 வேண்டும். 0.999-க்கு 4,603 வேண்டும். 1-ஐ நெருங்க நெருங்கக் காத்திருப்பு நீள்கிறது. 1 மட்டும் எத்தனை அடுக்கானாலும் 1 ஆகவே நிற்கிறது. ஒவ்வோர் அடுக்கும் உடையாத வளைவுதான். எல்லையோ 0-இல் படுத்துக்கிடந்து 1-இல் திடீரென்று தாவுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே ஓர் இடம் உண்டு, எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவான ஓர் இடம் இல்லை. அந்தப் பொது இடத்தைக் கோருவதுதான் ‘சீரான குவிதல்’ என்ற நிபந்தனை. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடக்கும் அதற்குப் பின்னால் இவ்வளவு நடந்திருக்கிறது.

கோட்டில் ஓட்டை இருந்தால்?

அச்சுக்குக் கீழே தொடங்கி மேலே முடியும் தொடர்ச்சியான வளைவு, அச்சை எங்காவது வெட்டியே ஆக வேண்டும். இதற்கு எதற்கு நிரூபணம் என்று தோன்றும். 1817-இல் பிராகில் போல்சானோ இதை நிரூபிக்க முனைந்தார். அவர் ஏன் மெனக்கெட்டார் என்பது, மெய்யெண்களை எடுத்துவிட்டு விகிதமுறு எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் புரியும். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 2-ஐக் கழியுங்கள். 1-க்கு −1 வருகிறது, 2-க்கு +2 வருகிறது. நடுவில் 0 வரும் விகிதமுறு எண் ஒன்றுகூட இல்லை. வளைவு ஓட்டை வழியே நழுவிப் போய்விடுகிறது.

1858-இல் சூரிச்சில் வகையீட்டுப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த டெடகிண்டுக்கு இதே உறுத்தல்தான். படம் போட்டுக் காட்டி ஒப்பேற்ற அவருக்கு மனம் வரவில்லை. கோட்டில் ஓட்டையே இல்லை என்பதற்கு அவர் கண்ட விளக்கம் 1872-இல் அச்சானது. பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் சலிப்பூட்டும் மேல்வரம்புகளைப் படிக்கும்போது, ஒரு நல்ல ஆசிரியரின் மனச்சாட்சியிலிருந்து இவை பிறந்தன என்பதை நினையுங்கள்.

பழக்கமாக்க வேண்டியவை

நிரூபணத்தைப் படிக்கும்போது ஒவ்வொரு நிபந்தனையும் எந்த வரியில் பயன்படுகிறது என்று ஓரத்தில் குறியுங்கள். எங்குமே பயன்படாவிட்டால், ஒன்று உங்களுக்குப் புரியவில்லை, அல்லது அந்த நிபந்தனை தேவையில்லை. இரண்டுமே அறியத் தக்கவை. எதிரெடுத்துக்காட்டுகளுக்கென்று தனி நோட்டு வையுங்கள். கெல்பாம், ஓல்ம்ஸ்டெட் இருவரும் 1964-இல் இவற்றை மட்டுமே திரட்டி ஒரு முழு நூல் வெளியிட்டிருக்கிறார்கள். ரூடினின் பாடநூல் இறுக்கமாக இருந்தால் ஸ்பிவாக்கின் பாடநூலை எடுங்கள்; ஹார்டியின் 1908-ஆம் ஆண்டு நூல் இன்றும் படிக்க இனிமையானது.

அந்த ஹார்டியிடம் கேம்பிரிட்ஜில் பயின்றவர் கே. ஆனந்தராவ். சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, முடிவில்லாத் தொடர்களின் ஆராய்ச்சியைத் தழைக்கச் செய்தார். அவருடைய மாணவர்கள் மீனாட்சிசுந்தரமும் சந்திரசேகரனும் சேர்ந்து 1952-இல் அத்துறையில் ஒரு நூலே எழுதினார்கள். இது அந்நியப் பாடமல்ல.

இன்றே தொடங்க ஒரு தேற்றம்: மூடிய, வரம்புள்ள இடைவெளியில் தொடர்ச்சியான சார்புக்கு ஒரு பெரும மதிப்பு உண்டு. நிபந்தனைகள் மூன்று. ‘மூடிய’ என்பதை நான் எடுத்துவிடுகிறேன்: 0-ஐ விட்டுவிட்டு 1 வரை எண்களின் தலைகீழியைப் பாருங்கள், 0-ஐ நெருங்க நெருங்க அது எல்லையின்றி ஏறும், பெருமமே கிடையாது. ‘வரம்புள்ள’, ‘தொடர்ச்சியான’ என்ற மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, தேற்றம் உடையும் சார்புகளை நீங்கள் கண்டுபிடியுங்கள்.