அரியக்குடி போட்ட பாதை

முதலில் வர்ணம், பிறகு விறுவிறுப்பாக ஓரிரு கீர்த்தனை, நடுவில் விஸ்தாரமான ராகம், தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள். இன்றைய கர்நாடக சங்கீதக் கச்சேரியின் இந்த வரிசைக்கு உருக்கொடுத்தவர் என்று வித்வான்கள் கைகாட்டுவது அரியக்குடி ராமானுஜ ஐயங்காரை.

காரைக்குடிக்குப் பக்கத்து அரியக்குடியில் 1890இல் பிறந்தவர். பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரிடம் குருகுலவாசம். 1938இல் மியூசிக் அகாடமி மாநாட்டுத் தலைமை, 1958இல் பத்மபூஷண்.

அவர் பாட்டின் ருசியே மத்யமகாலம் எனும் நடுத்தர வேகம்தான். பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஆலாபனையின் முதல் பிடியிலேயே ராகம் இன்னதென்று தெரிந்துவிடும். சில நிமிடங்களில் சாரத்தைப் பிழிந்து வைத்துவிட்டுக் கீர்த்தனைக்குள் நுழைந்துவிடுவார். கல்பனாஸ்வரத்தில் கணக்குக் காட்டி மிரட்டுவதில்லை. பெரும்பாலும் தாளத்தோடு இயல்பாக ஓடும் சர்வலகு, பக்கவாத்தியக்காரர் சிரமமில்லாமல் கூடவே வரலாம், ரசிகரும் தாளம் தப்பாமல் தொடையைத் தட்டிக்கொண்டிருக்கலாம். நடை மட்டும் தொய்வதே இல்லை.

திருப்பாவையின் முப்பது பாசுரங்களுக்கும் அவர் அமைத்த மெட்டுகள்தான் மார்கழி மேடைகளில் பரவலாக ஒலிக்கின்றன. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர், தம்மிடம் பயின்ற கே.வி. நாராயணசுவாமியைப் பாட்டுக்காக அனுப்பியதும் அரியக்குடியிடம்தான். 1967இல் குரு மறைந்த பிறகு, அந்த பாணியைச் சீடர் இன்னும் பல்லாண்டுகள் பாடினார்.