நம்மை, எங்களுக்கு

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் 10ஆம் அதிகாரம் தொடங்கியதும் குரல் மாறிவிடுகிறது. அதுவரை சமாதானம் பேசி, எருசலேமின் ஏழைகளுக்குப் பணம் சேர்க்கச் சொன்ன ஆள், கிண்டலும் கோபமுமாக வருகிறார். இது வேறு கடிதம் என்றார் 1776இல் ஸெம்லர். கண்ணீரோடு எழுதியதாகப் பவுல் சொல்லும் கடிதமே இதுதான் என்றார் 1870இல் ஹௌஸ்ராத்.

ஏன் வெட்ட வேண்டும், வழக்காடுகிறவன் முடிவில் குரல் உயர்த்துவது கிரேக்கப் பேச்சுக்கலையில் சகஜம்தானே என்பது மறுகட்சி. 1979இல் பெட்ஸ் கலாத்தியர் நிருபத்தை அந்தக் கலையின் இலக்கணப்படி பிரித்துக் காட்டினார். 1984இல் கென்னடி புதிய ஏற்பாட்டையே அவ்வாறு வாசிக்க முறை வகுத்தார். (வேடிக்கை, 1985இல் பெட்ஸ் அதே கலையை வைத்துக்கொண்டு 8, 9ஆம் அதிகாரங்கள் இரண்டு தனிக் கடிதங்கள் என்றார். ஒட்டவும் வெட்டவும் அது உதவுகிறது.)

நான் மறுகட்சிக்காரன். படைப்பை விட்டு வெளியே போகாதே என்று பழகியவர்கள் நாம்.

நான் குடியிருக்கும் பாடியில், சம்பந்தர் பாடிய திருவலிதாயம் இருக்கிறது. அந்தப் பதிகத்தின் பத்தாம் பாட்டில் அமணரும் சாக்கியரும் வருவதால் இங்கே அவர்கள் பள்ளி இருந்திருக்கும் என்றார் ஒரு நண்பர். சிரித்துவிட்டேன். சம்பந்தர் பதிகங்களில் எட்டாமிடம் ராவணனுக்கு, ஒன்பதாமிடம் மாலயனுக்கு, பத்தாமிடம் இவர்களுக்கு; பெரும்பாலும் அப்படித்தான். 'அது இடத்துக்கு வரும் வசவு, ஊர்ச் செய்தியல்ல' என்றேன். நண்பர் பேசவில்லை. இப்போது அந்தச் சிரிப்பு உறுத்துகிறது. ஊருக்கு ஊர் அதே இடத்தில் வசவு விழவேண்டும் என்று ஓர் உருவமே அமைந்துவிட்டதென்றால், அதை எதிர்பார்த்துக் கேட்ட கூட்டம் எது? உருவம் என்று பெயர் வைத்ததும் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

பவுலைத் தமிழில் வாசிக்கிறவன் அப்படி நிறுத்த முடியாது. கிரேக்கத்தில் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல். நம் பழைய தமிழ் பைபிளில் இதே நிருபத்தின் 5ஆம் அதிகாரம் 18ஆம் வசனத்தைப் பாருங்கள். தேவன் ஒப்புரவாக்கியது 'நம்மை'; ஒப்புரவாக்குதலின் ஊழியத்தைத் தந்தது 'எங்களுக்கு'. மூலத்தில் இரண்டும் அதே சொல்லின் வேற்றுமை உருவங்கள்தாம். மீட்பில் கொரிந்தியருக்கு இடமுண்டு, ஊழியத்தில் இல்லை என்று மொழிபெயர்ப்பு தீர்த்துவிட்டது. பவுலின் ஊழியத்தைக் கொரிந்துவில் யார் ஏற்க மறுத்தார்கள் என்ற சரித்திரம் தெரியாமல் இப்படித் தீர்க்க முடியாது. ஆனால் பவுல் வேண்டுமென்றே தீர்க்காமல் விட்டிருந்தால்? கேட்டவர்கள் தம்மையும் அந்தச் சொல்லுக்குள் சேர்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்திருந்தால்? தமிழில் அந்த வாசல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வாசிக்கிறார். 'நம்மை' என்னும்போது பெஞ்சில் இருப்பவனும் உள்ளே. அடுத்த மூச்சில் 'எங்களுக்கு' என்கிறார். அது பவுலின் கூட்டமா, அங்கி போட்டு எதிரே நிற்பவரா?